குனிஞ்ச சைக்கிளும் நிமிர்ந்த சைக்கிளும்

என் தம்பி சேதுபதியை யாராவது ‘ரொம்பப் பணிவான ஆளு’ன்னு சொன்னா எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது. எங்கம்மா போன பிறகு அவனுக்குச் சோறு போட்டு ஆளாக்கினவ நான். அவனுக்குப் பணிவு எவ்வளவு, பவுசு எவ்வளவுன்னு இந்த அஞ்சலைக்குத் தெரியாதா? மலாக்கா ஊர்ல, காஜா பேராங்குல எங்க வீட்டு முன்னறையில பாயைச் சுருட்டி வச்சுட்டு, கண்ணாடி முன்னாடி நின்னு தலைக்கு எண்ணெய் தடவி வகிடு எடுக்க ஆரம்பிச்சான்னா, அதுக்குள்ள நான் சோறு வடிச்சு முடிச்சிடுவேன். நூல் புடிச்சாப்புல வகிடு. இந்தக் கதையில அந்த வகிடுக்கும் வேலை இருக்கு, அதனாலதான் முதல்லயே சொல்லி வைக்கிறேன்.

மெர்டேக்கா, அதான் நாட்டுக்குச் சுதந்திரம், வரப்போகுதுன்னு மலாக்கா முழுக்கப் பேசிக்கிட்டிருந்த சமயம். பத்து பெரெண்டாம்ங்கற ஊர்ல இருந்த விமானத் திடல்ல அவனுக்கு வேலை கிடைச்சுது. பெரிய உத்தியோகம்னு நினைச்சுக்காதீங்க. பிரயாணிங்க கொண்டு வர்ற பெட்டியைத் தராசுல வச்சு நிறுத்து, சீட்டு ஒட்டி, தள்ளுவண்டியில கொண்டு போய் பிளேன்ல ஏத்தணும். ஆனா இவன் வெளியில பேசறதைக் கேட்டா பிளேனையே இவன்தான் தூக்கி மேல விடறான்னு தோணும்.

பஸ் இஷ்டப்பட்டா வரும், இல்லைன்னா வராது. பிளேன் அப்படி இல்லையே. அதனால சைக்கிள் வாங்கியே தீரணும்னு ஆச்சு. என் வீட்டுக்காரர் அப்பாசாமி துறைமுகக் கிடங்குல மூட்டை அடுக்கற மனுஷன், எதையும் தூக்கிப் பாத்துத்தான் பேசுவார். அவருக்குப் பழக்கமான சீனத் தவுக்கே, முதலாளின்னு அர்த்தம், ஒருத்தர் பசார் பக்கம் சைக்கிள் கடை வச்சிருந்தார். அங்க கூட்டிக்கிட்டுப் போனார். நானும் கூடப் போனேன். என்னை விட்டுட்டுப் போயிட முடியுமா?

கடையில ரெண்டு பழைய சைக்கிள் இருந்துச்சு. ஒன்னு, சீமைக்குக் கப்பல் ஏறின தோட்டத்துத் துரை மகன் விட்டுட்டுப் போன ரேஸ் சைக்கிள். பளபளன்னு பச்சை நிறம். ஒரு கையால தூக்கிடலாம். கைப்பிடி கடா கொம்பு மாதிரி கீழ வளைஞ்சு போகும். காரியர் கிடையாது, மட்கார்டு கிடையாது, மணி கூடக் கிடையாது. டயரைப் பாத்தா எனக்கே பாவமா இருந்துச்சு, அவ்வளவு ஒல்லி. இன்னொன்னு, ரொட்டிக்காரரும் பால்காரரும் ஓட்டற கறுப்பு சைக்கிள். தடிச்ச டயர், ஸ்பிரிங் சீட்டு, பின்னாடி அகலக் காரியர், முன்னாடி கிண்ணம் மாதிரி ஒரு மணி. அதுல உக்காந்தா நாற்காலியில உக்காந்தாப்புல நிமிர்ந்து உக்காரலாம்.

“மாப்ளே, பத்து பெரெண்டாமுக்குப் பாதி வழிதான் தார். மீதி செம்மண்ணும் கல்லும். பேசாம கறுப்பை எடு,” ன்னார் என் வீட்டுக்காரர்.

“அத்தான், அதை ஓட்டிக்கிட்டுப் போனா ரொட்டி இருக்கான்னு வழிமறிச்சுக் கேப்பாங்க,” ன்னான் இவன். அதுக்குள்ள பச்சை மேல ஒரு காலைப் போட்டாச்சு. தவுக்கே சிரிச்சுக்கிட்டே, “ஓட்டிப் பாரு. சரி வரலைன்னா கொண்டாந்து மாத்திக்கோ,” ன்னுட்டார். அந்த மனுஷன் எத்தனை மடையனைப் பாத்திருப்பார்.

மறுநாள் காலையில அவன் கிளம்பின கோலத்தை நீங்க பாத்திருக்கணும். தலை கீழ, பின்பக்கம் மேல. மூக்கு முன் டயரை முத்தம் குடுக்கப் போற தூரத்துல. எண்ணெய் தடவின வகிடு மட்டும் வெயில்ல மின்னுது. வாத்து மேயப் போறாப்புல போனான். நான் வாசல்ல நின்னு புடவைத் தலைப்பை வாயில திணிச்சுக்கிட்டேன்.

பெரிய ரோட்டுல போனா நல்ல தார். ஆனா இவன் அதை விட்டுட்டு கம்போங் செட்டிக்குள்ள புகுந்து போனான். பல தலைமுறைக்கு முன்னாடியே இங்க வந்து மலாய்க்காரங்களோட கலந்துட்ட நம்ம செட்டிக்காரங்க குடியிருக்கற இடம் அது. ஏன்னு கேட்டா குறுக்கு வழின்னான். குறுக்கும் இல்லை நெடுக்கும் இல்லை. மாரியம்மன் கோயில் திருவிழாவுல தட்டு ஏந்திக்கிட்டு வந்த காமாட்சிங்கற செட்டிக்காரப் பொண்ணை இவன் வாயைப் பொளந்து பாத்ததை நான் பாத்திருக்கேன். காமாட்சி வீடு அங்க ஒரு சந்துலதான். வாசக்கதவு மேல மாவிலைத் தோரணம் கட்டின பழைய வீடு. ஜன்னலோரம் தையல் மிஷின் போட்டு அவ பொம்பளைங்க போடற கெபாயாச் சட்டை தைப்பா. இவன் அவளைப் பாக்கத்தான் அந்த வழியில போனான். சந்துல கல்லு நிறைய, டயரோ ஒல்லி. தலையைத் தூக்கினா சைக்கிள் சாயும். அதனால ஒரு நாள் கூட அவளைப் பாக்க முடியலை. தினம் போறான், தினம் கல்லைப் பாத்துட்டு வர்றான்.

இப்பதான் காக்கா உக்காரப் பனம்பழம் விழுந்த கதை. காமாட்சியோட அப்பா பாலன் பிள்ளை வீட்டு முன்னால ரம்புத்தான் மரத்தடியில பிரம்பு நாற்காலி போட்டு நாள் முழுக்க உக்காந்திருப்பார். கோர்ட்டுல வேலை பாத்து ஓய்வு வாங்கினவர். முழங்கால் போயிடுச்சு, தடியை ஊணி வீட்டுக்கும் மரத்துக்கும்தான் நடக்க முடியும். ரிக்‌ஷாவுல ஏறினா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறாங்கன்னு ஊர் பேசும்னு அதுலயும் ஏற மாட்டார். ரோட்டுல போறவங்களைப் பாக்கறதுதான் அவருக்குப் பொழுது.

மலாக்காவுல ஒரு பழக்கம் உண்டு. பெரியவங்க உக்காந்திருக்கற இடத்தைத் தாண்டிப் போறப்ப முதுகை வளைச்சு, வலது கையைத் தாழ்த்திக்கிட்டுப் போகணும். மலாய்க்காரங்களும் செய்வாங்க, செட்டிக்காரங்களும் செய்வாங்க, அவங்களோட பழகிப் பழகி நாங்களும் செய்வோம். பாலன் பிள்ளைக்கு இது ரொம்ப முக்கியம். யார் குனிஞ்சா, யார் குனியலைன்னு ராத்திரி சாப்பாட்டு வேளையில வீட்டாளுங்ககிட்ட ஒப்பிப்பாராம். அப்படிப்பட்ட மனுஷன் முன்னாடி, காலையில ஒரு தடவை சாயங்காலம் ஒரு தடவை, தரையோட தரையா குனிஞ்சு ஒரு பையன் போறான்.

ஒரு நாள் என் வீட்டுக்காரர் அந்தப் பக்கம் போனப்ப அவரைக் கூப்பிட்டிருக்கார். செட்டிக்காரங்க வீட்டுல பேசறது மலாய்தான், நம்ம வார்த்தை ஒன்னு ரெண்டு நடுவுல மிளகு மாதிரி வரும். நான் தமிழ்லயே சொல்லிடறேன். “உன் மச்சான் ரொம்ப சொப்பான்,” ன்னாராம். மரியாதை தெரிஞ்சவன்னு அர்த்தம். “இந்தக் காலத்துல எல்லாரும் பேருக்கு லேசா தலையை ஆட்டிட்டுப் போறாங்க. இவன் ஒருத்தன்தான் முழுசா குனியறான். கல்யாணம் பேசியாச்சா?”

அப்படியே அவரோட முழங்கால் பேச்சும் வந்திருக்கு. மெர்டேக்கா அன்னிக்குக் கடலோரத் திடல்ல கொடி ஏத்தறதைப் பாக்கணும்னு ஆசையாம். என் வீட்டுக்காரர் நல்லா குனிஞ்சு, “நாங்க பாத்துட்டு வந்து சொல்றோம் மாமா,” ன்னுட்டு வந்துட்டார். எல்லாரும் அவர்கிட்ட அதையேதான் சொல்லியிருக்காங்க.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் சேதுபதிக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. எனக்கு உண்மை தெரியும். ஆனா வீடு தேடி வர்ற சீதேவியை யாராவது எட்டி உதைப்பாங்களா? நான் வாயைத் திறக்கலை. ஆவணி பொறந்ததும் பொண்ணு பாக்க வாங்கன்னு பாலன் பிள்ளை சொல்லி அனுப்பினார்.

இதுக்கு நடுவுல பச்சை சைக்கிள் தன் வேலையைக் காட்டிக்கிட்டிருந்துச்சு. செம்மண் ரோட்டுல தினம் பஞ்சர். மழை பேஞ்சா முதுகெல்லாம் சேறு, வெள்ளைச் சட்டையை நான்தானே துவைக்கணும்? பாதி நாள் சைக்கிள் இவனைச் சுமக்கலை, இவன்தான் சைக்கிளைத் தோள்ல சுமந்துக்கிட்டு வந்தான். ஒரு தடவை இவன் போய்ச் சேர்றப்ப பிளேன் வானத்துல இருந்துச்சு. “இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா அப்படியே வீட்டைப் பாத்துத் திரும்பிடு,” ன்னு அங்க கணக்கெழுதற பெரிய கிராணி சொல்லிட்டாராம்.

“கறுப்பை எடுடா,” ன்னேன்.

“எப்படிக்கா எடுக்கறது? அதுல நிமிர்ந்துதானே உக்காரணும்? நான் குனியலைன்னா அவர் பொண்ணு குடுப்பாரா?” ன்னு முதுகைப் புடிச்சுக்கிட்டு நின்னான். அந்த நிலைமையைப் பாருங்க. வேலைக்கு ஒரு சைக்கிள் வேணும், பொண்டாட்டிக்கு ஒரு சைக்கிள் வேணும். ரெண்டும் ஒன்னா இல்லை.

நான் சும்மா இருக்கற ஆள் இல்லையே. ரவிக்கை தைக்கக் குடுக்கற சாக்குல காமாட்சி வீட்டுக்குப் போனேன். அளவு எடுத்துக்கிட்டே அவ மெதுவாக் கேட்டா, “அக்கா, உங்க தம்பிக்கு முகம் உண்டா?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. “ஏம்மா அப்படிக் கேக்கறே?”

“தினம் ஜன்னல் வழியாப் பாக்கறேன். வகிடுதான் தெரியுது. வகிடு அழகாத்தான் இருக்கு. ஆனா வகிட்டைக் கட்டிக்கிட்டு எப்படிக் குடித்தனம் பண்றது?” ன்னு சிரிச்சா. அப்புறம் அளவு நாடாவைச் சுருட்டிக்கிட்டே, சிரிக்காம பேசினா. “எங்கப்பா முன்னாடி எல்லாரும் குனியறாங்க. அண்ணன் குனியறான், அண்ணி குனியறா, தபால்காரர் கூடக் குனியறார். அவர் சொல்றது தப்புன்னா தப்புன்னு சொல்ல இந்த வீட்டுல ஆள் இல்லை. உங்க தம்பியும் குனியற ஆள்தான்னா எனக்கு வேண்டாம் அக்கா. நான் அப்பாகிட்ட முடியாதுன்னு சொல்லிடுவேன். அவரை எதிர்த்து நான் சொல்லப் போற முதல் வார்த்தை அதுவாத்தான் இருக்கும்.”

எனக்கு அந்தப் பொண்ணை அப்பவே புடிச்சுப் போச்சு. வீட்டுக்கு வந்ததும் வராததுமா சேதுபதியைத் தவுக்கே கடைக்கு இழுத்துக்கிட்டுப் போனேன். பச்சையைத் திருப்பிக் குடுத்து, கறுப்பை வாங்கிக் கையில குடுத்தேன். “அப்பனுக்குக் குனிஞ்சது போதும். பொண்ணு உன் மூஞ்சியைப் பாக்கணுமாம். நிமிர்ந்து போ,” ன்னேன்.

போனான். நல்லாவே நிமிர்ந்து போனான். சந்துக்குள்ள நுழைஞ்சதும் ஜன்னலைப் பாத்தான், காமாட்சியும் பாத்தா. அத்தனை நாள் கல்லை மட்டும் பாத்த கண்ணு, பொண்ணைப் பாத்ததும் அங்கயே ஒட்டிக்கிச்சு. ஜன்னலுக்குப் பக்கத்துல மரம் இருக்கறதும், மரத்தடியில நாற்காலி இருக்கறதும், நாற்காலியில ஆள் இருக்கறதும் இவனுக்கு ஞாபகமே இல்லை. இளிச்சுக்கிட்டே நேரா போயிட்டான்.

அன்னிக்கே பாலன் பிள்ளை என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டனுப்பினார். “பொண்ணு குடுக்கறேன்னு சொன்னதும் சொம்போங் வந்துட்டுது உன் மச்சானுக்கு,” ன்னார். தலைக்கனம்னு அர்த்தம். “கல்யாணம் ஆகறதுக்கு முன்னாடியே நிமிர்ந்துட்டான். இந்தப் பேச்சை இதோட விடு.”

சேதுபதி அன்னிக்குச் சோறு திங்கலை. நேரா தவுக்கே கடைக்குப் போய் பச்சை சைக்கிள் முன்னாடி நின்னிருக்கான். அது இன்னும் விக்காமதான் இருந்துச்சு. தவுக்கே, “அது வேணுமா, இது வேணுமா, ஒன்னைச் சொல்லு லா,” ன்னிருக்கார். இவன் ரெண்டையும் மாத்தி மாத்திப் பாத்துட்டு, கறுப்புலயே வீட்டுக்கு வந்துட்டான்.

“வாயில கொழுக்கட்டையா? என்னடா முடிவு பண்ணே?” ன்னு கேட்டேன்.

“கறுப்புலயே குனிஞ்சு போறேன்,” ன்னான்.

அறிவு இருக்கற எவனாவது இப்படி யோசிப்பானா? அந்தக் கைப்பிடி நெஞ்சு உசரத்துல இருக்கு. அதுல எப்படிக் குனியறது? எனக்கு மனசு கேக்கலை, மறுநாள் அவனுக்கு முன்னாடியே போய்ச் சந்து முனையில நின்னேன். பாலன் பிள்ளை தடி மேல கையை வச்சு உக்காந்திருக்கார். இவன் கிட்ட நெருங்கினதும் முழங்கையை ரெண்டு பக்கமும் விரிச்சு, உடம்பை மடக்கி, தலையைக் கவுத்தான். தாடை நேரா மணி மேல போய் அழுத்திடுச்சு.

பெரியவர் முன்னாடி மணி அடிக்கறதா? ஒதுங்கு கிழவான்னு சொல்றதுக்குச் சமம். அதுவும் விடாம அடிக்குது, கல்லுல குலுங்கற ஒவ்வொரு தடவையும் தாடை அதுல இடிச்சதால. பாலன் பிள்ளை நாற்காலியை விட்டு எழுந்துட்டார். இவன் பதறிப்போய்த் தலையைத் தூக்க, கைப்பிடி திரும்ப, சைக்கிளோட லொங்காங்குல விழுந்தான். லொங்காங்னா தண்ணி போற சாக்கடை, அன்னிக்குன்னு பாத்து நல்லா நிரம்பி இருந்துச்சு.

காமாட்சி ஜன்னலை விட்டுட்டு வெளியில ஓடி வந்தா. நானும் ஓடினேன். சேதுபதி எழுந்து நின்னான். வகிடு எங்க இருக்குன்னே தெரியலை, மூஞ்சியெல்லாம் கறுப்புச் சேறு. பாலன் பிள்ளை தடியை ஓங்கிக்கிட்டு, “என்னைப் பாத்தா மணி அடிக்கறே?” ன்னு கத்தினார்.

நான் நினைச்சேன், இப்ப இவன் கால்ல விழுவான்னு. அவன் சேத்தைத் துடைச்சுட்டு நேரா நின்னான்.

“மாமா, நான் உங்களுக்குக் குனிஞ்சதே இல்லை,” ன்னான். “அந்தப் பச்சை சைக்கிளோட கைப்பிடிதான் வளைஞ்சது. நான் கல்லைப் பாத்துக்கிட்டுப் போனேன். நீங்க மரியாதைன்னு நினைச்சீங்க, நானும் சரின்னு இருந்துட்டேன். குனிஞ்சாதான் பொண்ணு குடுப்பீங்கன்னு நேத்து பச்சையைத் திரும்ப எடுக்கலாம்னு கூடப் போனேன். எனக்கு அது பத்து பெரெண்டாம் வரைக்கும் போய்ச் சேராது. இதுதான் என் சைக்கிள், இதுதான் என் உசரம்.”

“அப்ப, இத்தனை நாள்ல ஒரு தடவை கூட எனக்குன்னு குனியலையா?” ன்னு கேட்டார். குரல்ல கோவம் இல்லை, ஏமாந்த பிள்ளை கேக்கறாப்புல இருந்துச்சு.

“இல்லை மாமா.”

காமாட்சி அவங்கப்பாவைப் பாத்து, “நான் இவரைக் கட்டிக்கறேன்,” ன்னா. ‘முடியாது’ன்னு சொல்ல வச்சிருந்த வாய் வேற ஒன்னைச் சொல்லிடுச்சு. பாலன் பிள்ளை ரெண்டு பேரையும் மாறி மாறிப் பாத்தார். நாற்காலியில உக்காரப் போனார், முழங்கால் மடங்கலை, தடுமாறினார். சேதுபதி ஓடிப்போய் அவரைத் தாங்கிக்கிட்டான், அவர் வெள்ளைச் சட்டையெல்லாம் சேறு. தாங்கிக்கிட்டே, இவனுக்கு எங்கேர்ந்து தோணுச்சோ தெரியலை, “மாமா, கொடி ஏத்தறதைப் பாக்கணும்னு அத்தான்கிட்ட சொன்னீங்களாமே. பச்சையில காரியர் கிடையாது. இதுல இருக்கு. ஏறி உக்காருங்க, நான் கூட்டிக்கிட்டுப் போறேன்,” ன்னான்.

அந்தச் சந்துல அவருக்குக் குனியாத ஆள் கிடையாது. ஏறுங்க மாமான்னு சொன்ன ஆளும் அதுவரைக்கும் கிடையாது. நாங்களும் சொல்லலை, எங்களுக்குத் தோணவே இல்லை. அந்த மனுஷன் லொங்காங்குல கிடந்த சைக்கிளையே பாத்துக்கிட்டிருந்தார். கண்ணு கலங்கிடுச்சு. “முதல்ல அதைக் கழுவு,” ன்னார். எனக்கு அழுகை வந்துடுச்சு, சொல்றதுக்கு என்ன வெக்கம்.

மெர்டேக்கா அன்னிக்குக் காலையில காரியர் மேல தலைகாணி ஒன்னைக் கட்டி, அதுல பாலன் பிள்ளையை உக்கார வச்சான். நல்ல சாரோங், கஞ்சி போட்ட சட்டை, தோள்ல துண்டு. தடியைத் துப்பாக்கி மாதிரி புடிச்சுக்கிட்டார். சந்துல எல்லாரும் வாசலுக்கு வந்துட்டாங்க. அவர் தாண்டிப் போறப்ப பழக்க தோஷத்துல எல்லாரும் குனிஞ்சாங்க, அவர் யாரையும் கவனிக்கலை. ரோட்டைப் பாத்துக்கிட்டு, “மெல்லப் போ, மெல்லப் போ,” ன்னுக்கிட்டே போனார். நானும் காமாட்சியும் என் வீட்டுக்காரரும் பின்னாடியே நடந்து போனோம்.

கடலோரத் திடல்ல கூட்டம் நெருக்கித் தள்ளுது. அவரால இறங்கி நிக்க முடியாது, அதனால சேதுபதி ரெண்டு காலையும் தரையில ஊணி சைக்கிளைப் புடிச்சுக்கிட்டான். அவர் காரியர்லயே உக்காந்திருந்தார். இவன் முன்னாடி நல்லா நிமிர்ந்து நிக்கறான், புதுசா வகிடு எடுத்த தலையோட. காமாட்சி பக்கத்துல நின்னு அந்த மூஞ்சியை ஆசை தீரப் பாத்துக்கிட்டிருந்தா. பாண்டு வாத்தியம் ஆரம்பிச்சுது, கூட்டம் எல்லாம் கழுத்தை நீட்டுச்சு, கொடி கம்பத்துல ஏற ஆரம்பிச்சுது.

பின்னாடியிருந்து பாலன் பிள்ளை தடியால இவன் முதுகுல ஒரு தட்டுத் தட்டினார். “டேய், உன் மண்டைதான் தெரியுது. குனிடா.”

சேதுபதி சிரிச்சுட்டான். திரும்பி காமாட்சியைப் பாத்தான். அவ தலையை ஆட்டினா. உடனே அவன் அந்தக் கறுப்பு சைக்கிள் கைப்பிடி மேல கவுந்து, மணியில படாம தாடையை ஒரு பக்கமா ஒதுக்கி வச்சுக்கிட்டு, நல்லா குனிஞ்சான். அந்த மனுஷனுக்குன்னு என் தம்பி குனிஞ்சது அதுதான் முதல் தடவை.

குனிஞ்சவனுக்கு டயரும் புல்லும் தவிர ஒன்னும் தெரியலை. “அக்கா, கொடி ஏறிடுச்சா?” ன்னு என்னைக் கேட்டான்.

“நீ அப்படியே இரு,” ன்னார் பாலன் பிள்ளை, கண்ணைக் கொடியை விட்டு எடுக்காம. “நான் பாத்துச் சொல்றேன்.”

வீடு வந்து சேர்ற வரைக்கும் காரியர்ல உக்காந்தபடி சொல்லிக்கிட்டே வந்தார்.